இரண்டு தோல்வி

கம்பூஸ்தோன் முக்குக் கடையில்
சனிக்கிழமை பேபிஃபூட் போட்டி.
வாரநாளில் கரும்பு எடைமேடையில்
கணக்கெழுதுகிறவன் நான்,
அதனால் பென்சில் என்னிடம்.

வந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.
அடிக்கிறவர்களின் பெயர் பால்டப்பாவில்,
அடைக்கிறவர்களின் பெயர் மத்தி மீன் டப்பாவில்.
இதிலொன்று அதிலொன்று எடுத்து
சேர்த்து வாசித்தால் ஜோடி.
கணவனோடுதான் ஆடுவேன் என்பவளுக்கும்
மச்சானோடு மாட்டேன் என்பவனுக்கும்
டப்பாவுக்குக் காது கிடையாது.

நாலாவது சீட்டு:
கிலேன் மர்தாய்.
அதற்கு வந்து சேர்ந்தது,
மீன் வாசனையோடு,
ஜினேத் வேலாயுதோன்.
கடை ஒரு நொடி மூச்சு விடவில்லை.
இருவர் வீட்டு வேலிக்கும் நடுவில்
ஒரு லிச்சி மரம்.
காய்ப்பது ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம்.
ஆறு டிசம்பராகப் பேச்சில்லை.

பதினோரு ஜோடி. தாளில் பதினாறு கட்டம்.
மிச்சம் ஐந்தில்
'யாருமில்லை' என்று எழுதினேன்.
முதல் சுற்றில் யாருமில்லை
ஐந்து முறை தோற்றார்.
அவரை ஜெயித்தவர்கள்
நெஞ்சு நிமிர்த்தி சமூசா வாங்கப் போனார்கள்.

மேசைக்கு முன்னால்
கிலேனும் ஜினேத்தும் ஒரே பக்கம்,
முழங்கை இடிக்கிற நெருக்கம்.
ஆளுக்கிரண்டு கம்பி.
அவள் தடுத்த பந்தை
யாருக்கு அனுப்புவது என்று சொல்லவில்லை,
அவன் கேட்கவில்லை.
தக்கைப் பந்து நடுவில் அநாதையாய் உருள
பத்துக்கு இரண்டு.

ஒரு தோல்விக்கு வீட்டுக்கு அனுப்புவதில்லை.
தாளின் கீழ்ப்பாதிக்கு இறக்குவேன்.
அங்கே மறுபடி தோற்றால்தான் கதவு.
கீழ்ப்பாதியில் அவர்களுக்கு
முதல் எதிராளி: யாருமில்லை.
அவர்கள் சேர்ந்து கண்ட முதல் வெற்றி அது.

காத்திருந்த கால்மணி நேரம்
ஓரத்து மேசையில் அவன்
கம்பிகளுக்கு எண்ணெய் போட்டான்.
அவள் தன் காவலாளைச் சுண்டிப் பார்த்து
'இது இழுக்குது' என்றாள்.
மேசையிடம் சொன்ன மாதிரிதான் இருந்தது.
அவன் அதற்கும் ஒரு சொட்டு விட்டான்.

பிறகு எனக்கு அழிப்பான் தேவைப்படவில்லை.
பத்து–நாலு. பத்து–எட்டு. பத்து–ஏழு.
கம்பியைச் சுழற்றினால் செல்லாது,
நடுவரிசையிலிருந்து அடித்த கோல் கணக்கில்லை,
எல்லாம் சரியாக ஆடினார்கள்.
'நிறுத்து', 'விடு', 'இடது':
இந்த மூன்று சொல்லிலேயே
இறுதிவரை வந்துவிட்டார்கள்.

எதிரே தபால்காரர் ஃபிர்மேனும்
பள்ளிக்கூடத்துப் பையன் லொயிக்கும்.
மேற்பாதியில் ஒருமுறையும் தோற்காதவர்கள்.
ஆகவே அவர்களை இரண்டு தரம் வீழ்த்தவேண்டும்,
அவர்களுக்கோ ஒன்று போதும்.
அநியாயம் என்றது ஜன்னலோரக் கூட்டம்.
தோல்வியை எல்லோருக்கும் ஒரே எடைக்கல்லில் நிறுப்பதுதான் இது
என்றேன். யாரும் கேட்கவில்லை.

முதல் ஆட்டம் பத்து–ஆறு, கீழிருந்து வந்தவர்களுக்கு.
இரண்டாவது ஒன்பது–ஒன்பது.

லொயிக் அடித்தான்.
'டங்' என்று ஒரு சத்தம்.
பந்து கோலுக்குள் போய்ப் பட்டுத் திரும்பியதா
கம்பத்தில் பட்டுத் திரும்பியதா
நான் பார்க்கவில்லை.
(பென்சில் சீவிக்கொண்டிருந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.)
உள்ளே போய் வந்தால் கோல்.
அடித்த லொயிக்கே தலையைச் சொறிந்தான்.
பந்து இப்போது கிலேனின் முன்வரிசைக் காலடியில்,
எதிரே திறந்த மூலை.

ஜினேத் கம்பியிலிருந்து கையெடுத்தாள்.
'உள்ளே போய்த்தான் வந்தது.'

கிலேன் அடிக்கவில்லை.
பந்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
'லிச்சி பறிக்கும்போது
இந்த நேர்மை எங்கே போயிருந்தது?' என்றான்.
ஆறு வருஷத்தில் முதல் முழு வாக்கியம்.
கடை வெடித்துச் சிரித்தது.
அவளும்தான், கொஞ்சம் தாமதமாக.

கோப்பை தபால்காரர் பையில் ஏறியது.
நான் கீழ்ப்பாதியின் கடைசிப் பெயர்களை
ஒரே கோட்டில் அடித்தேன்.
இரண்டு தோல்வி, வெளியே.

அவன் வீடும் அவள் வீடும் ஒரே சந்தில்.
கதவைத் தாண்டி
யார் முன்னே யார் பின்னே நடந்தார்கள்,
நடுவில் எத்தனை அடி இருந்தது,
அதற்கெல்லாம் என் தாளில்
கட்டம் போடவில்லை.